பெட்டி வைக்க ஓரிடம்

மேசைக்கு அடியில் படுத்திருந்த அருள்மலர் ஸ்பனரை இரண்டு கைகளாலும் பிடித்து இன்னொரு முறை முறுக்கினாள். மேசைக்காலின் சுரையாணி அசையவில்லை. கொழும்பு ரயிலிலிருந்து இறங்கி இரண்டு மணித்தியாலம் ஆகிறது. இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

"அதைக் கழட்டாத பிள்ளை," என்றார் அப்பா, மேலிருந்து. "கழட்டினாப் பிறகு பூட்டேலாது."

"பதினொரு மணிக்கு அம்மாவைக் கொண்டு வருகினம். எங்க வைக்கிறது?"

"பாப்பம்."

இக்னேசியஸ் எதற்கும் சொல்லும் பதில் அதுதான். அவர் டொக்யார்ட் பண்டகசாலையில் வேலை பார்த்தவர். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது, மிஞ்சிய சாமான்களை ஏலம் போட்டார்கள். கப்பலில் கடல்படம் விரிக்கிற பத்தடி மேசை ஒன்று, இரண்டு இரும்பு அலுமாரிகள், பித்தளைக் கைபிடி போட்ட அறைக்கதவு ஒன்று, எதற்கென்று தெரியாத கயிற்றுச் சுருள்கள் என அவர் ஏலத்தில் எடுத்தவை எல்லாம் அன்று லொறியில் வந்து இறங்கின. மேசையைத் தரையோடு இறுக்கிப் பூட்டினார். அலுமாரிகளில் ஒன்று யன்னலை மறைத்தும் மற்றது மேசையை நெருக்கியும் நின்றன. இருபத்திரண்டு வருடமாக ஹோல் அப்படியே இருந்தது.

அம்மா மரியமலர் முந்தின நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். குசினியில் விழுந்தவள் பிறகு கண் திறக்கவில்லை. விடுதிக்குத் தந்தி வந்தபோது அருள்மலர் அட்டையில் ஒரு வீட்டின் மாதிரியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கையில் பசை காய்ந்து இன்னும் ஒட்டியிருந்தது.

எல்சி சின்னம்மா குசினிப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினாள். அம்மாவின் தங்கை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை.

"மேசையோட ஏன் மல்லுக்கட்டுறாய்? வீடு சோடிக்கத்தானே மூண்டு வருஷமாக் கம்பசில படிக்கிறாய். அந்தத் திரைச்சேலையை மாத்தி, நாலு பூ வைச்சு விடன். ஆக்கள் வரப் போகினம்."

"அது சோடிக்கிற படிப்பு இல்லை, சின்னம்மா."

"அப்ப என்ன படிப்பு?"

மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. விடுமுறையில் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கலியாணக் கேக் மேசையைச் சோடித்துத் தரக் கேட்பார். அப்பா ஊருக்குச் சொல்வது 'பில்டிங் படிக்கிறாள்' என்று. உள்ளக வடிவமைப்பு என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. ஆசிரியர் கலாசாலைக்குப் போகச் சொன்னவர் அவர். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது அம்மா. அது என்ன படிப்பென்று அவள் கேட்கவில்லை. "முடிச்சிட்டு வந்து முதல்ல இந்த ஹோலுக்கு ஒரு வழி பண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

முதலாம் வருடத்தில் சொந்த வீட்டை அளந்து, அதில் அதிகம் வேலை செய்பவர் நடக்கிற பாதையைக் கோடாக வரையச் சொல்லியிருந்தார்கள். அருள்மலர் விடுமுறையில் அளவு நாடாவோடு அம்மாவின் பின்னாலேயே திரிந்தாள். குசினியிலிருந்து முன்வாசலுக்கு நேரே வந்தால் ஒன்பது யார் தூரம். அம்மா சுற்றி நடந்தது இருபத்து மூன்று. அலுமாரிக்கும் மேசைக்கும் நடுவில் பதினைந்து அங்குலம்தான் இருந்தது. விரிவுரையாளர் அந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். அளவு பிழை, இதற்குள்ளால் ஓர் ஆள் போக முடியாது என்றார். அளவு சரி, என் அம்மா ஒரு நாளைக்கு நாற்பது தடவை போகிறாள் என்று அவள் வாதாடினாள். அவர் புள்ளியைக் குறைத்தார்.

பதினொன்றுக்கு முதலே பெட்டி வந்துவிட்டது. ஜவாஹிர் நானா தன்னுடைய லொறியிலேயே கொண்டுவந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். மாதா கோயில் ஆட்கள் நாலு பேரும் அவரும் பெட்டியைத் தூக்கி வாசல் தாண்டினார்கள். மூன்றாவது எட்டில் நின்றுவிட்டார்கள். ஒரு பக்கம் அலுமாரி, மறுபக்கம் மேசை.

"புள்ள, இதுக்கு மேல ஏலாது," என்றார் ஜவாஹிர். அவருக்கு மூச்சு வாங்கியது.

இக்னேசியஸ் முன்னால் வந்து பார்த்தார். "கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சால் போகும். சரிச்சுக் கொண்டு வாங்கோ."

"சரிக்க வேண்டாம்," என்றாள் அருள்மலர்.

"கொஞ்சம்தான் பிள்ளை..."

"இருபத்திரண்டு வருஷம் அம்மா இதுக்குள்ளால சரிஞ்சு சரிஞ்சுதான் நடந்தவ. தட்டத்தைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு நடந்தவ. இண்டைக்கும் சரிக்கப் போறீங்களோ?"

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் ஹோலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எல்சி சின்னம்மா செபமாலை உருட்டுவதை நிறுத்தினாள். பெட்டியைப் பிடித்திருந்தவர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தார்கள். அலுமாரியின் விளிம்பில், இடுப்பளவு உயரத்தில், பச்சைப் பெயின்ற் தேய்ந்து ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு பளபளத்தது. இக்னேசியஸ் அதை இன்றுதான் கண்டவர்போல விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வெளியில, விறாந்தை வாங்கில இறக்கி வையுங்கோ. பத்து நிமிஷம்," என்றார் ஜவாஹிரிடம்.

பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தார். "தா அதை." ஸ்பனரை வாங்கினார். "இது எதிர்ப்புரி. கப்பல் ஆணி. வலப்பக்கம் திருப்பினால்தான் கழரும்."

அருள்மலர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரை மணித்தியாலமாக அவள் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"முதலே சொல்லியிருக்கலாமே, அப்பா."

அவர் நாலு சுரையாணிகளையும் கழற்றிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மேசையை எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்கள். அலுமாரிகளையும் கொண்டுபோகச் சொன்னது அவர்தான். யன்னல் திறந்ததும் துறைமுகப் பக்கத்திலிருந்து வெளிச்சம் நேரே உள்ளே விழுந்தது. பெட்டியை மட்டமாகக் கொண்டுவந்து, நடு ஹோலில் தலைமாடு யன்னலுக்கு வரும்படி வைத்தார்கள். வந்தவர்கள் அதைச் சுற்றி நடந்து முகம் பார்த்தார்கள்.

"பாத்தியே, எவ்வளவு வடிவாச் சோடிச்சிருக்கிறாள்," என்று சின்னம்மா யாரிடமோ சொன்னாள். அருள்மலர் அதைத் திருத்தவில்லை.

நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பி வரும்போது ஐந்தரை. சின்னம்மா குசினியில் பிளேன்ரீ போட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்தில் மேசைக்கும் அலுமாரிகளுக்கும் ஜவாஹிர் நானா லொறிப் படங்கு போட்டு மூடியிருந்தார். உள்ளே எடுத்து வைப்போமா என்று யாரும் கேட்கவில்லை.

அருள்மலர் ஹோல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கண் எரிந்தது. இக்னேசியஸ் விறாந்தையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நடுவில் வந்து நின்றார்.

"பிள்ளை, இதை எங்க போடுறது?"

"எங்கயாவது போடுங்கோவன், அப்பா," என்றாள் அவள் சலிப்போடு.

அவர் யன்னலடியில் வைத்தார். திரும்பத் தூக்கினார். எதிர்ச்சுவரோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். அங்கிருந்தும் எடுத்தார். பிறகு கதிரையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, வெறும் ஹோலின் நடுவில் நின்றார்.