கிராம் மாமாவின் முதல் சீசன்

கார்ட்டூன் ஒளிபரப்பான முதல் வெள்ளிக்கிழமையே, கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற எங்கள் தெரு எடை ஆய்வாளர் தட்டையாகிப் போனார். ஆறரை மணிக்கு டி.வி.யில் அது தொடங்கியது. ஆறே முக்காலுக்கு அதில் வந்த குண்டு மனிதர் மேல் ஒரு பீரோ விழுந்தது. அதே நொடியில், பீரோவே இல்லாத தன் வீட்டுக் கூடத்தில் தலை சீவிக்கொண்டு நின்ற எடை ஆய்வாளர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் கனத்துக்கு வந்துவிட்டார். கையிலிருந்த சீப்பும் கூடவே தட்டையானது. யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று அவர் மனைவி அவரைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். வலியெல்லாம் இல்லை, குளிர்தான் கொஞ்சம் அதிகம் என்று அவர் சொன்னார். சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது பழைய உடம்பு திரும்பியிருந்தது. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கார்ட்டூனின் பெயர் ‘லிஃப்டில் ஒரு காண்டாமிருகம்’. ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் குடியிருக்கும் குட்டிக் காண்டாமிருகம், ஏறுகிறவர்களை எல்லாம் ஏதாவது வம்பில் மாட்டிவிடும், அவ்வளவுதான் கதை. அதற்குச் சரியான எதிராளியாகக் கிராம் மாமா என்று ஒருவர். கையில் தராசு இல்லாமல் வெளியே வரமாட்டார். யார் லிஃப்டில் ஏற வந்தாலும் நிறுத்தி வைத்து எடை பார்ப்பார், கைக்குழந்தையைக்கூட விடமாட்டார். பார்த்து முடித்ததும் ‘ஹும்... ஒரு கிராம் இடிக்குதே’ என்று மூக்கைச் சொறிவார். உடனே காண்டாமிருகம் தும்மும், அவர் தலையில் ஏதாவது வந்து விழும். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். எங்கள் தெருவில் பிள்ளைகள் மட்டுமில்லை, பெரியவர்களும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அதை இயக்கியவன் எடை ஆய்வாளரின் சொந்தத் தம்பி.

வெறும் தம்பி என்று சொல்லிவிட முடியாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூடத் தெரியாது. அண்ணன்தான் குளிப்பாட்டி, தலை துவட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடுவார். கல்யாணம் ஆகி அண்ணி வந்த பிறகும் அந்த வீட்டில் முதல் தட்டு அவனுக்குத்தான். சுவரெல்லாம் கிறுக்கி வைத்தபோது, ‘அவன் கைக்கு அது வருது, விடு’ என்று சொல்லிச் சுண்ணாம்பு அடிக்காமலே விட்ட மனிதர். அப்படிப்பட்டவரைக் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொல்லி, புது கேமராவைச் சோதிக்கிறேன் என்று படம் பிடித்துக்கொண்டு போனான் தம்பி. எடைக்கல் பெட்டியை வலது கையில் தூக்கித் தூக்கி அவருக்குத் தோள் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வு, தட்டை ஊதிவிட்டுத் தராசு பிடிக்கிற பழக்கம், மூக்கைச் சொறிவது, எல்லாம் அப்படியே கிராம் மாமாவிடம் இருந்தன. ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அடப்பாவி, சொல்லிவிட்டுத்தான் செய்தால் என்ன குறைந்து போய்விடும்?

அண்ணன் கோபப்படவில்லை என்பதுதான் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. தட்டையாகி எழுந்த மறுநாள் தம்பி வந்து, ‘சும்மா ஒரு ஜாடைதாண்ணா, வேற ஒண்ணும் இல்ல’ என்று இழுத்தான். அவர் சிரித்துக்கொண்டே, ‘மூக்கைக் கொஞ்சம் பெருசா போட்டுட்டடா’ என்று மட்டும் சொன்னார். ஆபீஸில் எல்லோரிடமும் என் தம்பி என்னை வைத்துத்தான் போட்டிருக்கிறான் என்று பெருமையடித்துக்கொண்டார். மூன்றாம் வாரம் கிராம் மாமா மாடி விளிம்பைத் தாண்டி ஓடினார். எடை ஆய்வாளரின் கால்களும் தாமாகவே ஓடிப்போய், இரண்டாம் மாடி வராந்தாக் கம்பியைத் தாண்டி, தெருவுக்கு நேர் மேலே காற்றில் நின்றன. கார்ட்டூனில் கீழே பார்த்தால்தான் விழுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘சார், கீழ மட்டும் பாத்துடாதீங்க!’ என்று இஸ்திரிக் கடைக்காரர் கத்தினார். அவரும் பாராமல் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார். நேர் எதிரே குடியிருந்த டீச்சர் கூச்சப்பட்டுத் திரையை இழுத்துவிட்டார். விளம்பர இடைவேளை வந்ததும் எடை ஆய்வாளர் திரும்பி நடந்து, கம்பியைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவர் மனைவி துணி காயப்போடும் கயிற்றை எடுத்து அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிடுவார். டி.வி.யை அணைத்துப் பார்த்தார்கள், பயனில்லை, ஊரெல்லாம் ஓடுகிறதே. ஐந்தாம் வாரம் பலூன் மாதிரி ஊதிக் கூரையில் முட்டிக்கொண்டு கிடந்தார். ஏழாம் வாரம் சோப்பில் வழுக்கி மாடிப்படி முழுக்க உருண்டு, உருண்ட வேகத்தில் உருண்டையாகவே ஆகிவிட்டார்; பிள்ளைகள் உதைத்து விளையாடுவதற்குள் அண்ணி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் பலூன் வாரத்தில் தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூரையிலிருந்து அவர், ‘சிரிம்மா, எனக்கே இங்கேயிருந்து பாத்தா சிரிப்பாத்தான் வருது’ என்றார். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் அந்த நேரத்தில் சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தது.

உடம்புக்கு வந்தது மறுநாள் காலையில் போய்விடும். கடைத்தெருவில் வந்தது போகவில்லை. அவர் எடைக்கல் பெட்டியோடு தெருமுனை திரும்பினால், தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு நல்ல பிள்ளையாக நின்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது, ‘வாங்க கிராம் மாமா, இன்னிக்குத் தட்டையா உருண்டையா?’ என்று கேட்டார்கள். மளிகைக்கடைக்காரன் ஒருவன் கல்லின் அடியைக் குடைந்து வைத்திருந்தான். அதைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. ‘எடை குறையுதே’ என்றார். அவ்வளவுதான், சாமான் வாங்க நின்றவர்களெல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ஏமாந்து கொண்டிருந்தது அவர்கள் பை! ஒருத்தன் பொய்யாகத் தும்மினான். அவர் அனிச்சையாகத் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார், அதற்கு இன்னும் சிரிப்பு. அந்தக் கல்லுக்கு அரசு முத்திரை கிடையாது என்று சொல்லாமலே பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டார். தன் வேலையில் அவர் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். ‘டேய், என்னை வெச்சு ஊரே சிரிக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கடைசி வாரத்துல ஒரே ஒரு தடவை நான் சொல்ற எடை சரியா இருக்கற மாதிரி பண்ணிடுடா. நான் தொழில் பண்ணணும்ல?’ தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது; அது நடிப்பில்லை என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறார். சாப்பாட்டு மேசையிலேயே கதை கட்டினான். லிஃப்டில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு ஏறிவிடுகிறார்கள், பாரம் தாங்காமல் கயிறு நூல் நூலாக அறுகிறது, காண்டாமிருகமே நடுங்குகிறது. அப்போது கிராம் மாமா முன்னே வந்து எடை போட்டுச் சரியாக எந்தப் பெட்டியை வெளியே தள்ள வேண்டும் என்று சொல்லி அத்தனை பேரையும் காப்பாற்றுகிறார். உப்பு டப்பாவை லிஃப்டாக வைத்து, கரண்டியைக் காண்டாமிருகமாக வைத்து நடித்தே காட்டினான். மகள் கைதட்டினாள். ‘சத்தியமா இதாண்ணா கடைசி எபிசோட்’ என்றான். அண்ணன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவன் அப்படியேதான் வரைந்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்கள் ஸ்டூடியோவில் ஒரு முறை உண்டு. வண்ணம் தீட்டுவதற்கு முன்னால், வெறும் கோட்டுப் படமாகவே ஓடவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். பெரியவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சிரிப்பு விழாத இடத்தை வெட்டிவிடுவார்கள், அதில் இயக்குநருக்கும் விலக்கில்லை. கிராம் மாமா எல்லோரையும் காப்பாற்றிய இடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விட்டன. ஒரு பையன் கழிப்பறைக்குப் போகணும் என்றான். சேனல்காரர்கள் தம்பியைப் பார்த்தார்கள். இரண்டாம் சீசன் அந்த ஒரு வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே அவன் பென்சிலை எடுத்து வேறொன்று போட்டுக் காட்டினான், பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டன. அண்ணனிடம் ஓடிவந்து சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். வந்தான், சாப்பிட்டான், கை கழுவிவிட்டுப் போனான்.

கடைசி வெள்ளிக்கிழமை எடை ஆய்வாளர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். இடுப்பில் கயிறு வேண்டாம் என்றுவிட்டார். ஆபீஸ்காரர்கள், கடைத்தெரு ஆட்கள், அந்த மளிகைக்கடைக்காரன் உட்பட, எல்லோரையும் வீட்டுக்கே கூப்பிட்டிருந்தார். நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றோம். மகளும் சமையலறையிலிருந்து வந்து முன்னால் உட்கார்ந்தாள். தம்பி சுவரோரமாக நின்றான். லிஃப்டில் எல்லோரும் ஏறினார்கள், கயிறு நூல் நூலாக அறத் தொடங்கியது, கிராம் மாமா தராசோடு முன்னே வந்தார். இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கிராம் மாமா எடை போட்டு மூக்கைச் சொறிந்து, ‘ஒரு ஆள் பாரம் அதிகம்’ என்றார். காண்டாமிருகம் யோசித்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு பெரிய ரப்பரை எடுத்து, கிராம் மாமாவைக் காலிலிருந்து அழிக்கத் தொடங்கியது.

அறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. தெருவில் மற்ற வீடுகளிலிருந்து பிள்ளைகளின் சிரிப்பு அலையலையாக வந்துகொண்டிருந்தது. நாற்காலியில் இருந்த எடை ஆய்வாளரின் பாதம் முதலில் போனது, பிறகு முழங்கால், பிறகு புதுச் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள். அவர் டி.வி.யைப் பார்க்கவில்லை, திரும்பித் தம்பியைத்தான் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, ‘பசங்க சிரிச்சாங்கண்ணா... என்னால என்ன பண்ண முடியும்?’ என்றான். நெஞ்சு போகிற நேரம். ‘என்கிட்ட சொல்லியிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனேடா’ என்றார் அவர். சொல்லி முடித்ததும் வாய் போய்விட்டது. கண்கள் கொஞ்ச நேரம் இருந்தன. நாற்காலியில் ரப்பர்த் தூள் ஒரு கைப்பிடி கிடந்தது. மளிகைக்கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான், அவன் அழுவான் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

அண்ணி அந்தத் தூளைக் கீழே விழாமல் ஒரு கிண்ணத்தில் அள்ளி வைத்தார். வழக்கம்போல மறுநாள் காலை அவர் திரும்பி வராததைப் பார்த்ததும் தம்பியின் சட்டையைப் பிடித்துக் கூடத்துச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். ‘அழிக்கத் தெரிஞ்ச கைதானே, வரை’ என்றார். அவன் வரைந்தான். குமிழ் மூக்கும் தொங்கு வயிறுமாகக் கிராம் மாமா வந்தார். அழித்துவிட்டு மறுபடி வரைந்தான், மறுபடியும் கிராம் மாமாதான் வந்தார். ஒரு வருஷமாக அந்த முகத்தையே போட்டுப் போட்டு அவன் கைக்கு வேறு அண்ணன் தெரியவில்லை. ‘அவருக்கு மூக்கு இப்படியா இருக்கு? இத்தனை வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டியே, ஒரு நாளாவது நிமிர்ந்து அவர் மூஞ்சியைப் பாத்திருக்கியா?’ என்று அண்ணி கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. பிறகு அண்ணியும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவன் போட்டான். இடது புருவத்துக்கு மேலே தழும்பு. காது மடலில் முடி. கோபம் வந்தால் கீழுதட்டைக் கடிப்பார். சித்தப்பா, எனக்குச் சடை பின்னும்போது அப்பா தலையை இப்படிச் சாய்ப்பார். மழைக்காலம் முழுக்க அது நடந்தது. ஸ்டூடியோவிலிருந்து இரண்டாம் சீசனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை எடை ஆய்வாளர் சுவரிலிருந்து இறங்கி, சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, நேரமாகிவிட்டது என்று ஆபீஸுக்குக் கிளம்பினார். கைகளில் நான்கு நான்கு விரல்கள்தான் இருந்தன. கார்ட்டூன்காரர்களுக்கு அது பழக்கம். ஐந்தாவது விரல் வீண் வேலை என்று யாரும் போடுவதில்லை. தம்பியும் நினைப்பில்லாமல் அப்படியே போட்டுவிட்டான், அண்ணியும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. தராசு பிடிக்க நான்கு விரல் தாராளம். மளிகைக்கடையின் குடைந்த கல்லைப் பறிமுதல் செய்தார், ஒருத்தரும் தும்மவில்லை. மனைவியிடம் பழைய மாதிரியே சண்டை போட்டார், மகளுக்குப் பழைய மாதிரியே சடை பின்னினார். அவர்கள் இருவரும் சொல்லிச் சொல்லி வந்தவரல்லவா, அவர்களுக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் இருந்தது. தம்பியோ வரைந்ததோடு சரி, தன் பங்குக்கு அண்ணனைப் பற்றிச் சொல்ல எதுவும் வைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வாசலிலேயே ‘அண்ணா’ என்று கூப்பிட்டான். எடை ஆய்வாளர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். ‘வாங்க வாங்க, உக்காருங்க’ என்று தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். ‘யாரோ வந்திருக்காங்க பாரு, குடிக்கத் தண்ணி கொண்டா’ என்று உள்ளே குரல் கொடுத்தார். தெரியாமல் செய்கிறாரா தெரிந்தே செய்கிறாரா என்று அண்ணி அவர் முகத்தைப் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை. அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. வெயில் எப்படி, பஸ் உடனே கிடைத்ததா என்றெல்லாம் அவர் மரியாதையாக விசாரித்தார். தம்பி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த விருந்தாளிகள் செய்வதுபோல டம்ளரை மேசைமேலேயே வைத்துவிட்டு, போயிட்டு வரேங்க என்று எழுந்தான்.