தலையில் இருந்த மல்லிகை

டிராக்டர் வரப்போரம் உறுமிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் கத்திகள். பிரபாகர் கையைக் கட்டிக்கொண்டு தங்கையைப் பார்த்தான்.

“இன்னைக்கு வர்ற புள்ள ஆர்டர் குடுத்தா இந்த அரை ஏக்கர் உனக்கு. இல்லீன்னா மத்தியானத்துக்குள்ள ஓட்டி மக்காச்சோளம் போட்டுருவேன்.”

“வண்டிய மொதல்ல ஆஃப் பண்ணச் சொல்லுண்ணா. புகையில பூ வாசம் தெரியாது.”

“பூ வாசமாமா! பூ வளக்கற அம்மிணி தலையில ஒரு நாளாச்சும் பூவப் பாத்திருக்கமா?”

அன்புசெல்வி டிராக்டர்காரரிடம் கைகாட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். பனியன் கம்பெனியில் தையல் வேலையை விட்டுவிட்டு, சேவூர்ப் பக்கம் இந்த நிலத்தில் அவள் டேலில்லி போட்டு இரண்டு வருடமாகிறது. புல்போல நீண்ட இலைகள், நடுவில் தண்டு, அதன் நுனியில் மொட்டுக் கொத்து. ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுள். காலையில் விரிந்தது மாலையில் சுருங்கிவிடும். மறுநாள் அடுத்த மொட்டு விரியும். நிலம் முழுக்கச் சிவப்பு. மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் மஞ்சள்.

அபிராமி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதியைக் கவனிப்பவள். பூர்வீகம் மதுரைப் பக்கம். பின்னலில் நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம் தோள்வரை தொங்கியது.

“அக்கா, ஜன்னலைத் திறந்தா சாயப்பட்டறை நாத்தம். வாசமுள்ள செடியா வையுங்கனு பிள்ளைக கேக்குறாக. மல்லிகை வச்சுப் பாத்தேன். விடியிறதுக்குள்ள ஒரு மொட்டு மிஞ்சல, எல்லாம் கொண்டையில! இதைத் தலையில வைக்க முடியாதுல்ல?”

“பறிச்சா தொவண்டுருங்க. யாரும் தொட மாட்டாங்க.”

“அப்ப வாசம் மட்டும் இருந்தாப் போதும்.”

அவள் சிவப்புப் பாத்தியில் குனிந்து கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. “அடேயப்பா! இதுதான். இந்தப் பாத்தியவே மொத்தமா எடுத்துக்கிறேன்.”

அன்புசெல்வி அவள் பின்னலைப் பார்த்தாள். அந்தச் சிவப்புக்கு வாசமே கிடையாது.

மூக்கு விசித்திரமான கருவி. ஒரே வாசத்தோடு கொஞ்ச நேரம் இருந்தால் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். காலையில் வைத்த மல்லிகை, வைத்தவளுக்கே பத்து மணிக்குத் தெரியாது. ஆனால் குனியும்போது சரம் தோளைத் தாண்டி முன்னால் சரிகிறது. மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த வாசம் புதிதாக எழுகிறது. கண்ணெதிரே இருப்பது சிவப்புப் பூ. அதனால் அதன் வாசம் என்றே தோன்றிவிடுகிறது. அன்புசெல்வி தலையில் பூ வைக்காததற்குக் காரணமே இதுதான்.

சிவப்புக்கு வாசமில்லை என்பது பிரபாகருக்கும் தெரியும். அருகில் வந்து முணுமுணுத்தான். “வாயத் தொறக்காத. அந்தப் புள்ளையே புடிச்சிருக்குன்னுது.”

டிராக்டர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க,” என்றாள் அன்புசெல்வி. “அந்தச் சரத்தக் கழட்டி வண்டியில வெச்சுட்டு, கைகழுவிட்டு வாங்க. அப்பறம் மோந்து பாருங்க.”

“எதுக்குக்கா?”

“இந்தப் பூவுக்கு வாசமில்லீங்க. உங்க மல்லிகதான்.”

பிரபாகர் தலையில் கைவைத்தான்.

அபிராமி சரத்தை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். சிவப்பில் குனிந்தாள். இன்னொன்றில். இன்னொன்றில். சிரிப்பு மெல்ல மறைந்தது. “பச்சத் தழை வாசம்தான்க்கா அடிக்குது. வேற எதுவும் இல்லையா?”

மஞ்சள் வரிசைக்குப் போனார்கள். அபிராமி முகர்ந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். “இதுலயும் ஒண்ணும் தெரியல.”

“ஆச்சு, எடுப்பா வண்டிய!” என்று பிரபாகர் கத்தினான். டிராக்டர் சிவப்பின் முனையில் இறங்கியது.

அன்புசெல்வி வானத்தைப் பார்த்தாள். வெயில் ஏறிவிட்டது. மிதமான சூட்டில் இதழிலிருந்து வாசம் எழும். உச்சி வெயிலில் எழுந்த வேகத்தில் கரைந்துபோகும். வரிசையின் கடைசியில், முருங்கை நிழலில், தாமதமாக விரிந்த ஒரு பூ இருந்தது. ஓடிப்போய் அதை இரண்டு உள்ளங்கைகளாலும் குடைபோல மூடினாள். கைச்சூட்டில் எழும் வாசம் வெளியே போகாமல் உள்ளேயே தங்கும்.

“இப்பக் குனிங்க. மெதுவா.”

விரல்களை அவள் விலக்கினாள். அபிராமி மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

“எலுமிச்சந்தோல்ல தேனு தடவுன மாதிரி இருக்கு.” கண்ணைத் திறந்தாள். “இது எத்தனை இருக்கு?”

“ரெண்டு வரிசதானுங்க. ஒரு தூருல நாலஞ்சு கன்னு பிரியும். பாதி உங்களுக்கு. பாதி நான் திருப்பி நடணும்.”

“சரி. நாளைக்குக் காலையில முதலாளியக் கூட்டிட்டு வாரேன்.” தலையைத் தடவிக்கொண்டாள். “பூ வைக்காம மொட்டத் தலையாத்தான் வருவேன்.”

பின்னால் கத்திகள் சிவப்பைத் தின்றுகொண்டு வந்தன. அன்புசெல்வி மஞ்சளுக்கு முன்னால் போய் நின்றாள். பிரபாகர் அவளைப் பார்த்தான், அபிராமியைப் பார்த்தான், பிறகு கையைத் தூக்கினான். டிராக்டர் நின்றது.

“பேசாம இருந்திருந்தா மொத்தமும் வித்துப் போயிருக்கும்.”

“போயிருக்கும். அடுத்த வாரமே திரும்பியும் வந்திருக்கும்ணா.”

அவன் உழுத புழுதியைக் காலால் கிளறினான்.

“ஓட்டுன மண்ணுல மஞ்சளப் பிரிச்சு நட்டா, சோளம் எங்க போடறது?”

“வடக்கால காட்டுல போடு,” என்று சொல்லிவிட்டு, அவள் கடப்பாரையை எடுக்கப் போனாள்.