வயர்லெஸ்காரனுக்கு யாரும் இல்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஒரு மர்ம நாவல் எழுதினேன். தலைதெறிக்க ஓடும் நாவல். பாதியில் கீழே வைக்க முடியாது என்று பின்னட்டையில் போட்டார்கள். வைக்காமல்தான் படித்தார்கள் போலிருக்கிறது, நன்றாகவே போனது. அந்த நாவலில் ஒரு வரி இருக்கிறது. இந்தக் கதை அந்த வரியால் வந்த வினை.

இதை ‘நான்’ என்று தொடங்கித்தான் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரிக்குள் ரொம்ப நல்லவனாகிவிட்டேன். நான்காவது வரியில் எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, ‘எழுத்தாளர்’ என்று ஒருவரை வைத்து எழுதுகிறேன். அவரைத் திட்டுவது எனக்குச் சுலபம். நீங்களும் தாராளமாகத் திட்டலாம்.

2

தொடக்கம் ஒன்று: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், துறைமுகத்தின் கடைசி விளக்கும் அணைந்தபோது, ஓர் உருவம்—

வேண்டாம். அன்றைக்கு மழையே இல்லை. கடலும் குளம் போலக் கிடந்தது. மர்மமே அதுதான்.

தொடக்கம் இரண்டு, சாதாரணமாக: ஐம்பத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு பயணிகள் படகு, நாற்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த துறைமுகத்துக்குக் கிளம்பியது. வந்து சேரவில்லை. ஒரு பலகை, ஒரு செருப்பு, எதுவும் கரை ஒதுங்கவில்லை. துறைமுகத்தின் வயர்லெஸ் அறையில் அன்று ஒரே ஒருவர்தான் வேலையில் இருந்தார். வருகிற செய்தியை எல்லாம் நேரம் போட்டு எழுதிவைக்கும் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் அதைத் திறந்தபோது, அந்த மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரைக்கான தாளைக் காணவில்லை. யாரோ கிழித்திருந்தார்கள். யார், ஏன் என்பது இன்றுவரை தெரியாது.

எழுத்தாளருக்கு இதைப் படித்ததும் நாக்கில் எச்சில் ஊறியது. (இது மிகையில்லை. நாற்பத்தொரு பேர் செத்த செய்தியைப் படித்துவிட்டு “ஆகா” என்று சொன்னார். வாய்விட்டே சொன்னார்.)

3

மர்மம் கிடைத்தால் மட்டும் போதாது, குற்றவாளி வேண்டும். எழுத்தாளர் நான்கு பேரை வைத்துப் பார்த்தார். படகு முதலாளிக்குப் பேரன்கள் இருக்கிறார்கள், வழக்குப் போடுவார்கள். துறைமுக அதிகாரியின் பெயரில் ஒரு பள்ளிக்கூடமே நடக்கிறது. படகோட்டி தானும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் கொலைகாரனாக்கினால் ஓட்டம் குறையும். மிச்சம் வயர்லெஸ்காரர். மூன்று முறை விசாரிக்கப்பட்டு, எதுவும் நிரூபணமாகாமல், வேலை மட்டும் பறிபோய், பதினோரு வருடம் கழித்து இறந்தவர். கேட்க நாதியில்லை என்று எழுத்தாளர் நினைத்தார்.

நாதி இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். துறைமுக அலுவலகத்தில் பழைய ஊழியர் கோப்புகளை எடுத்துக் கொடுப்பவர், “குடும்ப விவரம் தனிக் கட்டுல இருக்கு சார், நாளைக்கு வந்தீங்கன்னா எடுத்து வைக்கிறேன்” என்றுதான் சொன்னார். எழுத்தாளர் நாளைக்குப் போகவில்லை. அவர் அப்போது வேகத்தில் இருந்தார். அத்தியாயம் பதினேழு கையில் துள்ளிக்கொண்டிருந்தது.

அந்த அத்தியாயத்தில்தான் அந்த வரி வருகிறது:

“மனைவி, மக்கள் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாய்கூட இல்லாதவன் அந்த வயர்லெஸ்காரன்.”

எழுதும்போது நல்ல வரியாகத்தான் பட்டது. யாரும் இல்லாதவன் எதையும் செய்வான் அல்லவா.

4

அச்சகத்தின் மாடியில் ஒரு கண்ணாடித் தடுப்பு அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேசைமேல் இருக்கும் தண்ணீர் தம்ளர் நடுங்கும். அங்கேதான் பிழை திருத்துபவர் உட்கார்ந்திருப்பார். முப்பது வருடமாக அதே நாற்காலி. அறுபதைத் தாண்டியவர். அச்சகத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவரான பதிப்பாளருக்கும் அக்கா. கிட்டப் பார்க்க ஒன்று, எட்டப் பார்க்க ஒன்று என்று இரண்டு கண்ணாடி. வரிக்கு அடியில் நகர்த்த ஓர் அடிக்கோல்.

அங்கே ஒரு பழைய முறை உண்டு. ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும், புள்ளிகள் உட்பட. அக்கா அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். எழுத்துப் பிழை என்றால் சிவப்பு மை. விஷயத்தில் சந்தேகம் என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. கேள்விக்குறிக்கு எழுத்தாளர் பதில் சொல்ல வேண்டும். ஒன்று வரியைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுத வேண்டும். ‘இருக்கட்டும்’ விழுந்துவிட்டால் அக்கா தன் கேள்விக்குறியைத் தானே அழித்துவிடுவார்.

வழக்கமாக வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. “நீங்களே வாசிச்சிடுங்க எழுத்தாளரே, உங்க குரல்ல கேக்க அக்காவுக்கும் கொடுத்து வைக்கணுமே” என்று பதிப்பாளர் தேனொழுகப் பேசி மாடிக்கு அனுப்பினார்.

ஆக, அத்தியாயம் பதினேழை எழுத்தாளரே வாசித்தார்:

“ஏழு மணி பத்து நிமிடம் முற்றுப்புள்ளி கருவி அலறியது முற்றுப்புள்ளி காப்பாற்றுங்கள் கமா காப்பாற்றுங்கள் ஆச்சரியக்குறி வயர்லெஸ்காரன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தான் முற்றுப்புள்ளி நிதானமாக ஒரு சிகரெட் பற்றவைத்தான் முற்றுப்புள்ளி பிறகு சிரித்தான் முற்றுப்புள்ளி பத்தி முடிந்தது.”

வாசித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். நாவலிலேயே உச்சமான இடம், ஒரு ‘ஐயோ’வாவது வரும் என்று எதிர்பார்த்தார். அக்கா அடிக்கோலைக் கீழே நகர்த்தினார்.

“நல்லா வந்திருக்கா அக்கா?”

“தப்பு எதுவும் இல்ல சார்.”

எழுத்தாளருக்கு முகம் சுண்டிவிட்டது. மீதிப் பக்கங்களைக் கொஞ்சம் கோபத்துடனேயே வாசித்தார்.

5

மறுநாள் தாள்களை வாங்கிப் பார்த்தார். ஏழு கேள்விக்குறிகள். ஆறு நியாயமானவை, ஒரு பக்கத்தில் அமாவாசை என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் நிலவு காயவிட்டிருந்தார். ஏழாவது, நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில், அந்த ‘ஒரு நாய்கூட இல்லாதவன்’ வரிக்கு நேரே இருந்தது.

“இதுல என்ன சந்தேகம்?”

“அவருக்கு ரெண்டு பொண்ணு சார்.”

“நாவல்லயா?”

“நெசத்துல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அக்கா கண்ணாடியைக் கழற்றி மற்றதை மாட்டினார். “சின்னவ நான்தான்.”

(இந்த இடத்தில் எழுத்தாளரின் கண் கலங்கியது என்று எழுதி, அடித்துவிட்டேன். கலங்கவில்லை. முதலில் தோன்றியது: வழக்குப் போடுவாரோ? இரண்டாவது: முன்னுரையில் போட்டால் எப்படி இருக்கும்! மூன்றாவதாகத்தான், நேற்று இவருக்கு எதை வாசித்துக் காட்டினோம் என்பது உறைத்தது. வெட்கத்தில் காது எரிந்தது.)

கேட்டிருக்க வேண்டியது எத்தனையோ இருந்தது. எழுத்தாளர் கேட்டது இது: “அப்போ அந்தத் தாளைக் கிழிச்சது யாரு அக்கா?”

“எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. அவரைக் கூட்டிட்டுப் போய் மூணு தடவை கேட்டாங்க. வீட்டுல நாங்க ஒரு தடவைகூட கேக்கல. கேட்டிருக்கணுமோ என்னவோ.”

“அவரா எதுவும் சொல்லலையா?”

“இல்ல. நாங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்கு வாசல்ல நிப்பாரு. வந்ததும் ரெண்டு பேர் தலையையும் தடவித் தடவிப் பாப்பாரு, யாராவது கல்லால அடிச்சிருக்காங்களான்னு. பதினோரு வருஷம் அதுதான் அவருக்கு வேலை.”

கீழே இயந்திரம் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கதைய மாத்தச் சொல்லல சார். அவர் செஞ்சாரா இல்லையான்னு எனக்கே தெரியாது. அம்மாவும் தெரியாமத்தான் போய்ச் சேந்தா. நீங்க கொலைகாரன்னே எழுதுங்க. யாருமே இல்லாதவர்னு மட்டும் வேண்டாம். நாங்க இருந்தோம்.”

6

பதிப்பாளர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அட நீங்க ஒண்ணு! வில்லனுக்கு ரெண்டு பொண்ணு வச்சா, முப்பத்தோராம் அத்தியாயத்துல அவனை வயர்லெஸ் கோபுரத்துலேர்ந்து தள்றப்ப வாசகன் கைதட்டுவானா, மூக்கைச் சிந்துவானா? அக்கா நல்லவங்கதான், நான் இல்லேங்கல. ஆனா ஓட்டம் போச்சுன்னா எல்லாம் போச்சு.”

எழுத்தாளர் அவரைக் கரித்துக்கொட்டியபடி வீட்டுக்கு வந்து, மாற்றி எழுதிப் பார்த்தார். அதையும் மறைக்காமல் வைக்கிறேன்:

அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள்—

அவனுக்கு இரண்டு பெண்கள் இருந்தும்—

இரண்டு பெண்களைப் பெற்ற ஒருவன் எப்படி—

அதற்குமேல் ஓடவில்லை. பெண்களை உள்ளே விட்டதுமே வயர்லெஸ்காரன் சிகரெட்டைப் பற்றவைக்க மறுத்தான். காதிலிருந்து கழற்ற மறுத்தான். கோபுரத்தின் விளிம்பில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினால், வாசலில் இரண்டு சிறுமிகள் தலையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பதிப்பாளர் சொன்னதுதான் சரி. வரியை எடுத்தால் அத்தியாயம் போகும், அத்தியாயம் போனால் நாவலே போகும். அதை எழுதச் சாப்பாட்டு நேரமெல்லாம் மறந்து கிடந்த ஒரு வருடம் போகும்.

அந்த வரியை மட்டும் சத்தமில்லாமல் அடித்துவிட்டு, பெண்களைச் சேர்க்காமலும் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அக்கா கேட்டதும் அவ்வளவுதான். உண்மையைச் சொல்கிறேன்: அந்த வரி எழுத்தாளருக்குத் தேவைப்பட்டது, வாசகருக்காக அல்ல. அது இருந்தால்தான் அவரால் அந்த ஆளைத் தள்ள முடிந்தது.

மறுநாள் காலை, கேள்விக்குறிக்குப் பக்கத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினார். எழுத்தாளர் எழுதினார் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். எழுதியவன் நான்.

அக்கா பார்த்தார். “சரி சார்” என்றார். ரப்பரை எடுத்து அந்தக் கேள்விக்குறியை அழித்தார். துகளை ஊதிவிட்டு, அடிக்கோலை அடுத்த பக்கத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

7

முடிவுகள்.

(அ) அக்கா கடைசி நேரத்தில் யாருக்கும் தெரியாமல் அந்த வரியை எடுத்துவிட்டார். முதல் பிரதி கைக்கு வந்ததும் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைத்தான் திறந்தேன். எடுத்திருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஏமாந்து போக அவ்வளவு ஆசைப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். வரி அப்படியே இருந்தது. புத்தகம் முழுவதிலும் ஒரு பிழை இல்லை.

(ஆ) கிழிந்த தாள் ஒரு பழைய தகரப் பெட்டியில் அகப்படுகிறது, அதில் வயர்லெஸ்காரரின் கையெழுத்தில்— இதை எழுதினால் நீங்கள் மூச்சுவிடாமல் படிப்பீர்கள். எனக்கும் எழுத வரும். ஆனால் தாள் அகப்படவில்லை.

(இ) நடந்தது. போன வாரம் நாவலின் நான்காம் பதிப்புக்கு வேலை தொடங்கியது. எழுத்தாளர் மாடியேறிப் போனார். மூன்று பதிப்பும் ஓடி முடிந்த பிறகு வந்த தைரியம்.

“அக்கா, இந்தத் தடவை அந்த வரிய எடுத்துடலாம்.”

அக்காவுக்கு எந்த வரி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வேண்டாம் சார். விடுங்க.”

“ஏன்?”

“எங்க பெரியவ படிச்சிட்டா. நான் சொல்லல, யாரோ கொண்டுபோய்க் குடுத்திருக்காங்க. படிச்சிட்டு போன் பண்ணி, ‘ஏண்டி, நாம ரெண்டு பேரும் பொறக்கவே இல்லையாமே’ன்னு சிரிச்சா. நீதான் பிழை பாத்தியான்னு கேட்டா. ஆமான்னேன். அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல.” அக்கா தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். “ரெண்டு மாசம் ஆச்சு அவ போய். இனி மாத்தி யாருக்குக் காட்ட?”

‘நீங்கள் இருக்கிறீர்களே’ என்று எழுத்தாளர் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றக்கூடிய பதில். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியில்தான் அந்தப் பதில் வந்தது. திரும்பி ஏறிப்போகவில்லை.

8

பதிப்பாளர் அனுப்பிய தாள் என் மேசைமேல் இருக்கிறது. ‘நான்காம் பதிப்பில் மாற்றம் ஏதேனும்?’ என்று ஒரு கட்டம். அக்கா வேண்டாம் என்றார். அவர் சொல்லைக் கேட்பதுதான் மரியாதை என்று ஒரு மனசு சொல்கிறது. உனக்கு வசதியாக இருக்கும்போது மட்டும் அவர் சொல் காதில் விழுகிறதா என்று இன்னொரு மனசு கேட்கிறது. வரியை எடுத்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இறந்துபோன மூத்தவருக்கு அது போய்ச் சேராது. விட்டால், உலகத்தில் அதைத் தப்பு என்று வாழ்ந்து அறிந்தவர்களில் மிஞ்சிய ஒரே ஆள் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்து, தன் அப்பாவுக்கு யாரும் இல்லை என்பதை நான்காவது முறையாக எழுத்துப் பிழையில்லாமல் பார்த்துக் கொடுப்பார்.

கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அது நிரம்பாமல் இந்தக் கதைக்கு முடிவு போட எனக்கு யோக்கியதை இல்லை.

நீங்கள் இதைப் படிக்கிற நேரத்தில் நான்காம் பதிப்பு கடைக்கு வந்திருக்கும். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. அன்றைக்கு அதைப் பார்க்க அக்கா இருப்பாரா என்பதும் தெரியாது.