எண்பதுக்கு ஒரு நாள் முன்னால்

ஹெட்டி பிளாக்மோர் தன் வீட்டுக் குத்தகைப் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு. அதுவும் அவளாகப் பார்க்கவில்லை. பேச்சுவாக்கில் பத்திரத்தைக் கையில் வாங்கிய கீழ்வீட்டு வினிஃபிரட், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு விரலை வைத்துக் காட்டினாள்.

"அடியே, மே எட்டுங்கிறது கையெழுத்துப் போட்ட தேதி. குத்தகை தொடங்கினது அதுக்கு முந்தின கிறிஸ்துமஸ்லேர்ந்து. தொண்ணூத்தொம்பது வருஷம். நீ வாங்கறதுக்கு முன்னாலயே அதுல எட்டு ஓடிப்போச்சு. கண்ணைத் திறந்து படி!"

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு எவன்டி குத்தகைக்கு விடுவான்?"

"நம்ம ஊர்ல காலங்காலமா வாடகைக் கணக்கே நாலு பண்டிகை நாளை வெச்சுத்தானே! நாளைக்கு விடிஞ்சா உன் குத்தகை எண்பதுக்குக் கீழ போயிடும்."

ஹெட்டி பத்திரத்தைப் பிடுங்கித் தானே படித்தாள். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரில் மாடிவீடு வாங்குகிறவர்கள் உண்மையில் வாங்குவது வருஷங்களைத்தான். நிலம் இன்னொருவருடையது; வருஷங்கள் தீர்ந்தால் வீடும் அவருக்கே. வருஷம் தேயத் தேய வீட்டின் மதிப்பும் தேயும். எண்பதுக்குக் கீழே போனால், குத்தகையை நீட்டிக்க நிலத்துக்காரருக்குக் கொடுக்கவேண்டிய தொகை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறி ஹெட்டி சேர்த்தது இன்றைய விலைக்குத்தான் காணும். நாளைய விலைக்கு அவள் இன்னொரு பிறவி எடுத்துப் பரிமாற வேண்டும்.

கோரிக்கைக் கடிதம் நிலத்துக்காரர் கையில் சேரும் நாளின் விலைதான் கணக்கு. வக்கீல் எழுதிக் கொடுத்த அந்தக் கடிதம், மே வரை நேரம் இருக்கிறதென்று மேஜை இழுப்பறையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வக்கீலோ ஆஸ்திரியாவில் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார். ஹெட்டி அன்றைய தேதியையும், பதில் வரவேண்டிய கெடுவையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள்.

யாரிடம் கொடுப்பது என்பதில் சந்தேகமில்லை. நிலத்துக்காரர் ஆப்ரி டில்காட், வயது எண்பத்து நாலு, மலைமேல் பெரிய வீடு. கொடுப்பது எப்படி என்பதுதான் சிக்கல். இருபதாம் தேதியே வாசல்கதவைப் பூட்டிவிட்டார். தபால் துவாரத்தில் பட்டையாக நாடா ஒட்டியாயிற்று. கேட்டால் குளிர்காற்று வருகிறதாம்.

"குளிர்காற்றாம்! இந்த வருஷம் மட்டும் வருதாக்கும்? கிழம் இரண்டாம் பக்கத்தைப் படிச்சிருக்கு!" என்றாள் வினிஃபிரட். பிறகு அவள் கண் பளிச்சிட்டது. "நாலு மணிக்கு எங்க தேவாலயப் பாட்டுக் குழு மலையேறுது. பாட வர்றவங்களுக்குக் கதவைத் திறக்கலேன்னா ஊர் காறித் துப்பும். அந்தத் துப்பலுக்கு அவர் ரொம்பப் பயப்படுவார். நீயும் வா."

"எனக்குப் பாட வராதே!"

"யார் உன்னைப் பாடச் சொன்னா? வாயை மட்டும் அசை."

இருட்டத் தொடங்கியிருந்தது. ஹெட்டியும் பாதிரியாரும் உட்படப் பதினாலு பேர் விளக்கும் கம்பளிக் குல்லாயுமாக மேலே ஏறினார்கள். டில்காட் கதவைத் திறந்து, உலர்பழம் அடைத்துச் சுட்ட குட்டி இனிப்பு அப்பங்கள் அடுக்கிய தட்டோடு படியில் வந்து நின்றார். மூன்று பாட்டு முடியும்வரை யாரும் பேசக்கூடாது, தட்டையும் தொடக்கூடாது. அதுதான் முறை. ஹெட்டி கடிதத்தைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு சமர்த்தாக வாயை அசைத்தாள்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கிழவருக்குக் குளிர் தாங்கவில்லை. தட்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினார். ஹெட்டிக்கு உயிரே போயிற்று. வாயில் இருந்ததெல்லாம் சத்தமாக வெளியே வந்தது. அது எந்தச் சுருதியிலும் சேராத சத்தம். பாதிரியார் பாட்டை நிறுத்தினார், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, டில்காட் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்த இடைவெளியில் ஹெட்டி நாலு படியை இரண்டு தாவலில் ஏறிக் கடித உறையை அவர் கையில் வைத்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. "எனக்கா? வாழ்த்து அட்டையா? இந்த ஊர்ல எனக்கு யாருமே அட்டை தர்றதில்லைம்மா."

ஹெட்டிக்குச் சுருக்கென்றது. பேசாமல் இறங்கிப் போய்விடலாம். மனசு கேட்கவில்லை.

"அட்டை இல்லைங்க மிஸ்டர் டில்காட். குத்தகையை நீட்டிக்கக் கேட்டு எழுதின கடிதம். மூணாம் மாடி, ஏழாம் நம்பர்."

அவர் உறையைப் பிரித்துப் படித்தார். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது. "இன்னிக்கு விடுமுறை. செல்லாது."

"நாளைக்குத்தாங்க விடுமுறை!" என்று கீழேயிருந்து வினிஃபிரட் கத்தினாள். "கையில வாங்கினதைப் பதிமூணு பேர் பார்த்திருக்கோம்!"

சந்தடி சாக்கில் ஓர் அப்பத்தை வாய்க்குள் தள்ளியிருந்த பாதிரியார், பேச முடியாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

டில்காட் கடிதத்தை மடித்தார். "உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு."

"சட்டப்படி குத்தகையோட தொண்ணூறு வருஷம் சேரும். ஆக மொத்தம் நூத்தி எழுபது வருஷம். அத்தனையையும் வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"வீடு உங்க கைக்கு வர நீங்க எண்பது வருஷம் காத்திருக்கத் தயாரா இருந்தீங்களே, நீங்க என்ன பண்றதா இருந்தீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பதிமூன்று பேரும் சிரித்தார்கள். டில்காட் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்க, படிக்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

"எனக்கு சோபா வாங்கணும்" என்றாள் ஹெட்டி. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "பதினோரு வருஷமா நாற்காலிலதான் உட்கார்ந்திருக்கேன். போகப்போற வீட்டுக்கு எதுக்கு சோபான்னு விட்டுட்டேன்."

டில்காட் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு தட்டைக் குனிந்து எடுத்து அவள் முன் நீட்டினார். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

கீழே இறங்கும்போது காற்று ஆளைத் தள்ளியது. வினிஃபிரட் வழியெல்லாம் அந்தக் கூச்சலை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். ஹெட்டி மூன்று மாடியையும் ஓடி ஏறினாள். விளக்கைப் போட்டாள். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுக்கூடத்தில் கையை அகல விரித்து, அடி அடியாக நடந்து, சோபாவுக்கு இடம் அளந்தாள்.