வேராவின் பேரில் ஒரு வண்டி

சந்தோஷ்குமாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, நான் நடுநிலையாகப் பேசவில்லை என்று குறைபட வேண்டாம். அவன் என் அத்தை மகன். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் ஓட்டுகிற குடும்பம். சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டுக்கு வந்தால் கண்ணில் பட்டதைக் கேட்காமல் எடுத்துக்கொள்வான். என் சைக்கிள், என் கால்குலேட்டர், ஒரு முறை நான் பாதி கடித்து வைத்திருந்த கொய்யாப்பழம். முறைப்பையன் அல்லவா, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "அவனுக்கில்லாத உரிமையா?" என்று அப்பா சிரிப்பார். அந்த உரிமையில் அவன் கடைசியாக எடுத்துக்கொண்டது என் காரை.

கார் என்றால் ஓட்டுகிற கார் இல்லை. நான் வரைந்த கார்.

என் பேர் யுவஸ்ரீ. ஊர் புதுச்சத்திரம். அப்பா மருதாசலம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்துவிட்டு நாமக்கல்லில் பூபதி அண்ணனின் லாரி பாடி கட்டும் பட்டறையில் கம்ப்யூட்டரில் படம் போடுகிறேன். பகலெல்லாம் லாரிக்கு முகப்பு, பக்கப் பலகை, டிரைவர் படுக்கிற கட்டில். வீட்டுக்கு வந்தால் எனக்கே எனக்கென்று ஒரு வேலை உண்டு. சோவியத் கார்கள்.

ஏன் சோவியத் என்று கேட்பார்கள். இப்போது வருகிற கார்களெல்லாம் வாங்குகிறவனைப் பார்த்துக் குழைகின்றன. அந்தக் கார்கள் குழையாது. சதுரமாக, கனமாக, முகத்தில் சிரிப்பே இல்லாமல், 'ஏறினால் ஏறு, இல்லாவிட்டால் நடந்து போ' என்று நிற்கும். எனக்கு அந்தக் குணம் பிடித்துப்போயிற்று. பிலாயில் எஃகு ஆலை போட ரஷ்யாக்காரர்கள் வந்தது நிஜம். அதே சூட்டோடு சேலத்துக்கும் வந்து, கஞ்சமலை இரும்பை நம்பி அடிவாரத்தில் ஒரு கார் தொழிற்சாலை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்ததாக வைத்துக்கொண்டு வரைந்தேன். ரஷ்யாவில் வோல்கா ஆற்றின் பேரில் ஒரு கார் இருந்தது. நான் என் காருக்குத் திருமணிமுத்தாற்றின் பேரை வைத்தேன். சாயத்தண்ணீர் ஓடினால் என்ன, ஆறு ஆறுதானே. 'திருமணி', மாடல் 1974. பின்சீட்டை மடக்கினால் முட்டை அட்டைகளை அடுக்கலாம். பண்ணைச் சாலையில் போனாலும் ஒரு முட்டைகூட உடையாதபடி அதன் ஸ்பிரிங் அமைப்பை யோசித்து யோசித்துப் போட்டேன்.

முதலில் என் பேரில்தான் இணையத்தில் போட்டேன். "உங்க தம்பி வரஞ்சதா?" என்று ஒருவன் கேட்டான். "நல்லா கலர் அடிச்சிருக்கீங்க சிஸ்டர்" என்றான் இன்னொருவன். மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எரிச்சல் வந்தது. என் பேரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, அடுத்த படத்தின் கீழே 'வடிவமைப்பு: வேரா சொரோகினா' என்று எழுதினேன். பக்கத்துக்கும் அவள் பேரையே வைத்தேன். கூடவே அவளுக்கு ஒரு வாழ்க்கையும் எழுதினேன். லெனின்கிராடிலிருந்து சேலத்துக்கு வந்த பொறியாளர். சூரமங்கலத்தில் வாடகை வீடு. இட்லியைக் கண்டால் ஆகாது. மாஸ்கோவிலிருந்து வரும் அதிகாரிகளோடு சண்டை போடுவாள், ஒரு சண்டையிலும் தோற்க மாட்டாள். அவ்வளவுதான், அதே ஆட்கள் வேராவின் கோடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக மரியாதையோடு எழுத ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் பக்கத்தின் மேலே 'கற்பனை' என்று போட்டிருந்தேன். வேரா வந்த பிறகு அதை எடுத்துவிட்டேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்துவிட்டது.

பட்டறையின் பின்கொட்டகைக்கு நான் அதிகம் போவதில்லை. பெயின்ட் வாடை தலைவலி கொடுக்கும். ஒரு நாள் ஒரு கதவுச் சட்டத்தை அளக்கப் போனபோது, அங்கே ஒரு பழைய ஜீப் சேசிஸ் மேல் திருமணி நின்றது. தகடு அடித்து, வளைத்து, பாதி பெயின்டோடு நின்றது. சுவரில் என் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம்தான் வந்தது. ஜன்னல்களுக்குக் கீழே நான் வரைந்த தோள் கோடு நிஜத் தகட்டில் நிற்பதை முதல்முறையாகப் பார்க்கிறேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"இதென்ன வண்டிங்கண்ணா?" என்று பூபதி அண்ணனைக் கேட்டேன்.

"அதுங்களா? உங்கத்தை பையன் ஆர்டரு அம்மிணி. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாப்ல. ரஷ்யா வண்டியாமா. அங்கயே யாரும் கட்டாம உட்டுட்டாங்களாமா."

"அது நான் வரஞ்சதுங்கண்ணா."

அவர் சுவரிலிருந்த படத்தின் மூலையைத் தட்டிக் காட்டினார். "யாரோ ரஷ்யாக்காரி பேரு போட்டிருக்குதே."

என் கம்ப்யூட்டரைத் திறந்து, நான் ஒவ்வொரு கோடாகப் போட்டு வைத்திருந்ததைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "இதப் பாத்து நீ வரஞ்சிருப்ப. அடுத்தவங்க வண்டிய எதுக்கு அம்மிணி உன்துங்கற?" என்று சொல்லிவிட்டு வெல்டிங் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வேரா என்று ஒருத்தியே இல்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அத்தனை பேர் நம்புகிற ஒருத்தியை, என்னைச் சீண்டாத ஆட்களைப் பேச வைத்த ஒருத்தியை, அந்தப் பெயின்ட் வாடைக்குள் வைத்துக் கொல்ல மனசு வரவில்லை.

நேரே திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். மலையடியில் அவர்கள் ரிக் நிறுத்துகிற இடத்தில் சந்தோஷ்குமார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, அது என்ற கார். நிறுத்தச் சொல்லுங்க." திட்டுவதற்குக்கூட எங்கள் ஊரில் ஒரு 'ங்க' போட வேண்டியிருக்கிறது.

அவன் போனை எடுத்து என் பக்கத்தையே திறந்தான். "உன்துன்னு எங்க எழுதியிருக்குது? வேரா சொரோகினா, ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எழுவத்தி நாலு. நீயே எழுதுனது. படிக்கட்டுமா?"

"வேரா யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். நீ மொதல்ல உம் பேருல போட்டதயே பாத்தவன் நான். ஊருக்குத் தெரியாதே புள்ள." சிரித்தான். "ரிக்கு வெச்சிருக்கறவனெல்லாம் கோடி ரூவா கார் வாங்கறான். வாங்கறது என்ன பெரிய காரியம்? உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு எங்கிட்டத்தான் இருக்கோணும். ரஷ்யாக்காரன் கட்டாத வண்டிய நான் தேடிப்புடிச்சுக் கட்டுனேன்னா அது ஒரு பேரு. மாமம் புள்ள வரஞ்சதுன்னா எவன் பாப்பான்?"

அவன் சொன்னது நிஜம் என்று என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். அதுதான் அவனுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

"உம் பேரு வேணும்னா ஒரு வழி இருக்குது. தை மாசம் கல்யாணத்த வெச்சுக்கலாம். அப்பறம் பின்கண்ணாடில எம் பொண்டாட்டி பேருன்னு பெருசா எழுதிக்கறேன்."

அங்கே கிடந்த டிரில்லிங் பைப் ஒன்றை எடுத்து அவன் மண்டையில் போட வேண்டும் போலிருந்தது. என்னால் தூக்க முடியாது என்பதால் அவன் பிழைத்தான்.

வீட்டில் சொன்னேன். அப்பாவுக்கு அவர் அக்காவின் மனம் நோகக் கூடாது. "ஒரு படத்துக்காவ மயிலக்கா ஊட்டோட சண்ட கட்டுவ? நாளைக்கு நீ போய் வாழற ஊடு" என்றார். நான் எந்த வீட்டில் வாழப்போகிறேன் என்று எனக்குத் தெரியாமலே முடிவாகியிருந்தது. அம்மா கண்ணாத்தாள் கோழித் தீவன மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"உம் படந்தான? அப்பறம் என்னத்துக்கு அந்த வெள்ளக்காரி பேரப் போட்ட?"

"எம் பேரப் போட்டா யாரும் பாக்கலம்மா."

"அப்ப அவங்க பாத்தது அவளத்தான். அவளே வந்து கேக்கட்டும்."

அம்மா மேல் அன்றைக்கு வந்த கோபம் சந்தோஷ்குமார் மேல்கூட வந்ததில்லை. அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம்.

வளர்பிறை முகூர்த்தம் பார்த்துப் பட்டறையில் பூஜை வைத்தார்கள். எங்கள் பக்கம் புது வண்டி பட்டறை வாசலைத் தாண்டுவதென்றால் கல்யாணப் பெண் கிளம்புகிற மாதிரிதான். வாழைக்கன்று, மாலை, பூசணிக்காய், சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம். ரிக் முதலாளிகள் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்கள். சேலத்திலிருந்து இளவழகன் கேமராவோடு வந்திருந்தான். வண்டிகளைப் பற்றி வீடியோ போடுகிறவன், நிறையப் பேர் பார்ப்பார்கள். சந்தோஷ்குமார் கேமராவுக்கு முன்னால் நின்று, சோவியத் நாட்டில் தொலைந்துபோன வரைபடத்தைத் தேடி எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எழுதிய வரிகளையே சொன்னான். இட்லியைக்கூட விடவில்லை.

அப்போது அவனுடைய டிரைவர் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்த கயிற்றைக் கொண்டுவந்து, முன்பம்பருக்கு அடியில் குனிந்து, அங்கிருந்த கொக்கியில் மாட்டினார். அந்தக் கொக்கியை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். என் படத்தில் இருந்தது. நான்தான் போட்டிருக்கிறேன். நாமக்கல்லில் லாரி பார்த்தே வளர்ந்த கை. வண்டி என்றால் அங்கே திருஷ்டிக்குக் கட்ட ஒரு கொக்கி இருக்கும் என்று, யோசிக்காமலே போட்டிருக்கிறது. வேறு எந்த ஊர்க்காரியும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் போனேன்.

"மாமா, ஒரு சந்தேகமுங்க. அந்தக் கொக்கி எதுக்குங்க?"

"எலுமிச்சம்பழம் கட்டத்தான். ஏன்?"

"லெனின்கிராடுல இருந்து வந்த பொம்பள எலுமிச்சம்பழத்துக்கா கொக்கி வெச்சா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இளவழகன் கேமராவைக் கொக்கிக்குக் கொண்டுபோனான். சந்தோஷ்குமாரின் முகம் விழுந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த கணமே அவன் நிமிர்ந்து, ரொம்பப் பணிவாகச் சொன்னான்.

"வேரா அம்மா சேலத்துலயே வருசக்கணக்கா இருந்தவங்க. நம்ம லாரிகளப் பாத்து, நம்ம பழக்கத்த மதிச்சு வெச்சிருக்காங்க. இந்த வண்டியோட பெருமையே அதானுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். பூபதி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கட்டிய பொய் எனக்கு உழைத்ததைவிட அவனுக்கு நன்றாக உழைத்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் அதற்கு வேராவிடம் பதில் இருக்கும். அப்படித்தான் அவளை உருவாக்கியிருந்தேன்.

இனி ஒரே வழிதான் இருந்தது.

"வேரான்னு ஒரு ஆளே கெடையாதுங்க" என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "கஞ்சமலைல ஃபேக்டரியும் கெடையாது. அவங்க பொறந்தது, சூரமங்கலத்து ஊடு, இட்லி, சண்ட, அத்தனையும் எங்கூட்டு மாடில உக்காந்து நான் எழுதுனது. வேணும்னா தேடிப் பாருங்க. எம் பக்கத்தத் தவிர இந்த உலகத்துல எங்கயும் அவ இல்ல."

இளவழகன் அங்கேயே போனில் தேடினான். ரிக் முதலாளிகளும் தேடினார்கள். கற்பூரம் எரிந்து அணைந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. நான் என் போனை எடுத்துத் திருமணியின் படத்துக்குக் கீழிருந்த பேரை அழித்தேன். 'யுவஸ்ரீ, புதுச்சத்திரம்' என்று அடித்தேன். பக்கத்தின் பேரையும் அப்படியே மாற்றினேன். கேமராவில் காட்டினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை.

"அப்ப இது டூப்ளிகேட்டா?" என்று ஒரு வெள்ளை வேட்டி கேட்டது. இன்னொருவர் சிரித்தார். "சந்தோசு, ரஷ்யான்னியேப்பா? புதுச்சத்திரத்து வண்டியா இது?"

இவ்வளவு நேரம் தடவித் தடவிப் பார்த்த வண்டியிலிருந்து எல்லோரும் கையை எடுத்தார்கள். தகடு மாறவில்லை, கோடு மாறவில்லை. பேர் மட்டும்தான் மாறியது. எனக்கு அவன் தோற்ற சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

மயிலம்மாள் அத்தை என் முன்னால் வந்து நின்றாள். "ஊரக் கூட்டி எம் பையன் மானத்த வாங்குன புள்ள எங்கூட்டுக்கு வேண்டாம்" என்றாள். அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது. பூபதி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சந்தோஷ்குமார் மாலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வண்டியில் ஏறினான். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, திருமணி வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கியது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது உடம்பு கொஞ்சம்கூடக் குலுங்கவில்லை. அழகாகப் போனது. சபித்துக்கொண்டே, கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தேன்.

புதுச்சத்திரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. இளவழகன் வீடியோவை அதற்குள் போட்டுவிட்டான். என் பக்கத்தில் வசவு கொட்டிக்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரி, விளம்பரம் தேடுகிறாள், சொந்த மாமனுக்கே துரோகம். ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். வேராவின் முதல் படத்திலிருந்து கூடவே வருகிறவர், ஒவ்வொரு கோட்டையும் ரசித்து எழுதுகிற பெரியவர். நான் மதித்த ஒரே ஆள்.

"வேரா அம்மையார் இல்லை என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? அவர் கைத்திறமையில் கால்வாசி உனக்கு வருமா?"

திரும்பத் திரும்பப் படித்தேன். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பக்கத்து சீட்டில் முட்டை அட்டையை மடியில் வைத்திருந்த யாரோ ஒரு வயதான அம்மா, "என்ன சாமி, ஊட்டுல யாருக்காவது ஒண்ணா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வேராவைக் கொன்றதற்காகத்தான் அழுதேனா, அவள் செத்தும் என்னை விடவில்லையே என்று அழுதேனா, தெரியவில்லை. அந்தப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதினேன்.

"ஐயா, அவளுக்குப் பென்சில் பிடிக்கவே தெரியாது."