பன்னிரண்டாவது கொக்கி

தீவுக்கு வந்து மூன்று நாளாகியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகட்டும் என்றுதான் எல்லோருமாகச் சேர்ந்து என்னை அனுப்பி வைத்தார்கள். "கடல் காத்து பட்டா மனசு லேசாகும்மா" என்றாள் மகள். என் மனசு கனமாக இருந்தால்தானே லேசாக? பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் தெரியும், ஆனால் என்னுடையது இல்லை.

இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் என் வீட்டுக்காரர். வாளியில் தண்ணீர் தளும்பினாலே நகர்ந்து நிற்கிற மனிதர். ஓய்வு பெற்ற அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆசை. "மீனை எத்தனை நாள்தான் தட்டுலயே பாக்கறது? ஒரு தடவை அது வீட்டுக்கே போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். இரண்டு பேருக்கும் பதிவு செய்தார். பதினைந்தே நாளில் போய்ச் சேர்ந்தார். ஐந்து மாதம் ஆகிறது. நான் ஒரு சொட்டு அழவில்லை.

அதை எல்லோரும் கவனித்தார்கள். வாய்விட்டுச் சொன்னவள் நாத்தனார், இவருடைய தங்கை. "எங்க அண்ணன் போயிருக்கான், கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று பக்கத்து அறையில் யாரிடமோ சொன்னாள். என் காதில் விழட்டும் என்றே சொன்னாள். விழுந்தது. அவளேதான் இப்போது தனியாக ஒரு இடம் பதிவு செய்துகொண்டு எனக்குத் துணையாக வந்திருந்தாள். நான் எப்போது உடைவேன் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கட்டுமே, எனக்கென்ன.

முதல் நாள், வாழைப்பழம் போல நீளமான ரப்பர் மிதவையில் எங்களை வரிசையாக உட்கார வைத்து மோட்டார் படகில் கட்டி இழுத்தார்கள். நாத்தனார் கரை முழுக்கக் கேட்கும்படி அலறினாள். "கத்துங்க அண்ணி! கத்தினா நல்லாருக்கும்!" நான் பஸ்ஸில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தேன். மிதவை கவிழ்ந்து தண்ணீரில் விழுந்தபோதும் கண்ணாடி போய்விடப் போகிறதே என்று மட்டும் பட்டது. மறுநாள் பாராசூட்டில் கட்டி வானத்துக்கு ஏற்றினார்கள். அத்தனை உயரத்திலிருந்து கடலைப் பார்த்தால் அறை பால்கனியில் காயப்போட்ட துண்டு ஞாபகத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள் மீன் பார்க்கும் பயணம். படகுத்துறை கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பதிவுல ரெண்டு பேர் இருக்காங்களே, இன்னொருத்தர் எங்க?" என்று கேட்டாள்.

ஐந்து மாதமாக இதே கேள்விதான். வங்கியில், தொலைபேசி அலுவலகத்தில், இவர் சட்டை தைக்கக் கொடுத்திருந்த கடையில். ஒவ்வொரு இடத்திலும் விளக்கிச் சொல்லி, அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்து, அவர்களுக்கு நான் ஆறுதல் சொல்லி... சீ, போதும் என்றிருந்தது.

"பின்னாடி வர்றார்" என்றேன்.

அவள் இரண்டு பிளாஸ்டிக் டோக்கன்களை நீட்டினாள். பதினொன்று, பன்னிரண்டு. பதினொன்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். மற்றதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். நாத்தனார் அப்போது தொப்பி விலை பேசிக்கொண்டிருந்தாள்.

படகில் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் பதினாலு கொக்கி. படகோட்டி ஐம்பது வயதுக்காரர், சிடுமூஞ்சி. பலகையைத் தட்டிக் காட்டினார். "நான் தலையை எண்ண மாட்டேன். தலை ஒரு இடத்துல நிக்காது, ஒருத்தரையே ரெண்டு தடவை எண்ணிடுவோம். தண்ணியிலேருந்து ஏறினதும் அவங்கவங்க டோக்கனை அவங்கவங்களே மாட்டணும். பதினாலும் நிரம்பினாத்தான் இன்ஜினைக் கிளப்புவேன்."

பாறைத்திட்டை அடைந்ததும் எல்லோரும் மிதவைச் சட்டை போட்டு, முகமூடி மாட்டி, மூச்சு விடுகிற ரப்பர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினோம். வழிகாட்டி ஒரு சுருட்டை முடிக்காரர். என் கையைப் பிடித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார். வைத்தேன். மீன்கள் இருந்தன. மஞ்சளில், நீலத்தில், கோடு போட்டவை. அவை வீட்டில் அவை இருந்தன, அவ்வளவுதான். பன்னிரண்டை இடது கையில் பொத்தியே வைத்திருந்தேன்.

ஏறியதும் என்னுடையதை மாட்டினேன். ஒவ்வொருவராக மாட்டினார்கள். படகோட்டி பலகையைப் பார்த்தார். பன்னிரண்டாவது கொக்கி காலி.

"பன்னெண்டு யாரு?"

அவர் பட்டியலை எடுத்தார். "பதினொண்ணும் பன்னெண்டும் புருஷன் பொண்டாட்டி. பதினொண்ணு யாரு? நீங்களாம்மா? வீட்டுக்காரர் எங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"நீச்சல் தெரியுமா அவருக்கு?"

"தெரியாது" என்றேன்.

அது உண்மைதானே. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் படகே கலைந்தது. சுருட்டை முடிக்காரர் முகமூடியைச் சரியாக மாட்டாமலே குதித்தார். படகோட்டி விசிலை ஊதிக்கொண்டே வயர்லெஸ்ஸில் கத்தினார். தூரத்தில் நின்ற இன்னொரு படகு எங்களை நோக்கித் திரும்பியது. முன்பின் தெரியாத இரண்டு பேர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார்கள். ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "அந்த மாமாவைக் கண்டுபிடிச்சிடுவாங்கல்ல?" என்று கேட்டாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தார். ஜன்னல் ஜன்னலாக நான் ஒருத்திதான் ஓடினேன். "உக்காருங்கம்மா, கூப்பிடுவாங்க" என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒருவரும் நடையை எட்டிப் போடவில்லை. கூப்பிட்டபோது இவர் இல்லை. இப்போது பாருங்கள், இவருக்காக ஒரு கடலே ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்றிருந்தது. தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் இருந்தேன்.

நாத்தனார் துள்ளி எழுந்தாள். "ஐயோ, என்ன இது, எங்க அண்ணன்தான்..." என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்தாள். பொத்திய என் கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளும் தண்ணீரையே பார்க்க ஆரம்பித்தாள், எங்கேயாவது தெரிகிறானா என்பதுபோல.

சுருட்டை முடிக்காரர் மூன்றாவது முறை மேலே வந்தார். மூக்கிலிருந்து ரத்தம். இருமிக்கொண்டே, "பாறைக்கு அந்தப் பக்கம் பாக்கறேன்" என்று மறுபடியும் மூச்சை இழுத்தார்.

"போதும்" என்றேன். "வேண்டாம்ப்பா. மேல வந்துடு."

கையை விரித்தேன். டோக்கன் பதிந்து உள்ளங்கை வெளுத்திருந்தது. "அவர் வரவே இல்லை. செத்து அஞ்சு மாசம் ஆச்சு."

சட்டையைக் கழற்றிய ஆள் ஒருவர், "மூளை இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினார். நியாயம்தான். சுருட்டை முடிக்காரர் படகு ஓரத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து மாதத்தில் எனக்கு என்று வந்த முதல் உணர்ச்சி அது. இவருக்கென்று எடுத்து வந்திருந்த துண்டை அவரிடம் கொடுத்து, "மன்னிச்சிடுப்பா" என்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

படகோட்டி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் பலகையைக் காட்டினார்.

"மாட்டுங்கம்மா."

"நீங்களே வாங்கிக்குங்களேன்."

"நான் மாட்டறதில்ல. அவங்கவங்கதான். அவருக்கு நீங்கதானே மாட்டணும்?"

"மாட்டலைன்னா?"

"இங்கயேதான் நிக்கும் படகு."

இங்கேயே நின்றால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சின்னப் பெண் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். எழுந்தேன். நாத்தனார் வந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். பன்னிரண்டாவது கொக்கியில் மாட்டினேன். வேறெந்த டோக்கனையும்போல அது இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது.

படகோட்டி ஒன்றிலிருந்து பதினாலு வரை விரலை ஓட்டிப் பார்த்தார். இன்ஜினைக் கிளப்பினார். படகு கரையைப் பார்த்துத் திரும்பியது, பாறைத்திட்டு பின்னால் போக ஆரம்பித்தது.

"இருங்க!" என்று யாரோ கத்தினார்கள். "கிளப்பாதீங்க! அவர் இன்னும் ஏறலை! நிறுத்துங்க, அவருக்கு நீச்சல் தெரியாது, நிறுத்துங்க!"

என் குரல்தான். பலகைமேல் பாய்ந்த என்னை நாத்தனார் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகமெல்லாம் ஈரம். இந்தத் தடவை அவள் அலறவில்லை, என் காதோடு சொன்னாள்.

"கத்துங்க அண்ணி. கத்துங்க."

படகோட்டி திரும்பிப் பார்க்காமல் வேகத்தைக் குறைத்தார்.