மந்திரி ஷாவாவின் லாரி

மந்திரி ஷாவா இறந்து மூன்று நாள் ஆகியும் அவரை யாரும் திட்டவில்லை. சிபாட்டா ஊரில் இப்படியொரு சாவு வீட்டை யாரும் பார்த்ததில்லை.

அங்கோனிக்காரர் ஒருவர் செத்தால் பெம்பாக்காரர்கள் வந்து திட்ட வேண்டும். அதுதான் முறை. ஒரு காலத்தில் இரண்டு கூட்டமும் ஈட்டியால் குத்திக்கொண்டன. பிறகு அலுத்துப்போய், இனிமேல் எல்லாவற்றையும் வாயோடு வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தன. அன்றிலிருந்து பெம்பா முறைக்காரன் பிணத்தின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வான். அவரைப் போல நடந்து காட்டுவான். அவருடைய கஞ்சத்தனத்தையும் கள்ளத்தனத்தையும் சபையில் அவிழ்த்துவிடுவான். வீட்டுக்காரர்கள் கோபப்படக் கூடாது. வேண்டுமானால் குரங்கு தின்னி என்று பதிலுக்குச் சொல்லிக்கொள்ளலாம். அங்கே பேசிய எதையும் குழிமேட்டைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. குழி வெட்டுவதும் முறைக்காரன்தான். ஆகவே அவனைப் பகைத்துக்கொள்வது புத்திசாலித்தனமும் அல்ல.

ஷாவா விஷயத்தில் முறைக்காரர்களுக்கு வாய் வரவில்லை. ஊரில் இருந்த நான்கு பெம்பாக்காரர்களும் வந்தார்கள். குழி வெட்டினார்கள். சோளக்களியும் கீரையும் தின்றார்கள். பெட்டியின் மேல் தேசியக்கொடி போர்த்தியிருப்பதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொடிக்குக் கீழே படுத்திருப்பவரை எப்படித் திட்டுவது என்று அவர்களில் ஒருவரான வங்கிக் குமாஸ்தா நியாயமாகவே கேட்டார்.

திட்டாத குறைக்கு வாசல் மாமரத்தடியில் வாதம் நடந்துகொண்டிருந்தது. மரத்தின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு ஷாவா உத்தமர். சுதந்திரம் வந்ததும் முதல் எம்.பி. பிறகு பதினோரு வருடம் மந்திரி. திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு சைக்கிள், வேறு எதுவும் இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அவர் திருடர். கூட்டுறவுச் சங்கத்தின் நீல லாரி எங்கே என்று கேட்டார்கள். லாரியை விழுங்கியவனுக்கு சைக்கிள் பொரியல் மாதிரி என்றார் ஒருவர். நாற்பது வருடமாக இரண்டு தரப்பும் இதையேதான் பேசின. வெயில் நகர நகர இடத்தை மாற்றிக்கொண்டார்களே தவிர, கருத்தை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

செலிபா இரண்டையும் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். மந்திரியின் மகள். ஐம்பத்திரண்டு வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே லாரி. கடைசிப் பத்து வருடம் அப்பாவைக் குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் அவள்தான். உடம்பில் அவளுக்குத் தெரியாத மச்சம் கிடையாது. லாரி விஷயம் மட்டும் தெரியாது.

அண்ணன் வெட்சன் இரும்புச் சிலுவை ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தான். பெயர், தேதி, அதன் கீழே 'நேர்மையே உருவானவர்' என்று ஒரு வரி. வெட்சன் நகரசபைத் தேர்தலில் நிற்கிறான். அந்த வரி அப்பாவுக்கு எவ்வளவு தேவையோ, அதைவிட அவனுக்குத் தேவை. பெயிண்டர் பாக்சன் கொல்லைப்புறத்தில் வெள்ளை டப்பாவைத் திறந்தபோது செலிபா அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் எழுதாத."

வெட்சன் வந்து சத்தம் போட்டான். ஊரே பார்க்கும், கட்சிக்காரர்கள் வருகிறார்கள், ஒரு வார்த்தையில் என்ன குடி முழுகிவிடும் என்றான்.

"தெரியாம எழுத முடியாதுண்ணே. திருடன்னாலும் பரவால்ல. தெரியணும்."

"யாரக் கேப்ப? எவன் சொல்லுவான்?"

அது சரியான கேள்விதான். செத்தவரின் குற்றத்தை மகளின் முகத்துக்கு நேரே சொல்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை. அந்த ஆளுக்கோ கொடியைப் பார்த்து நடுக்கம். மதியம் இரண்டு மணிக்கு அடக்கம். அப்போது மணி பத்து.

பத்தேகாலுக்கு ரொட்டி வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் போஸ்கோ கபாம்ப்வே. கிட்வே சுரங்கப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம். நாற்பது ரொட்டியை இறக்குவதற்குள் சமையல்கார அம்மாவிடம் இரண்டு தடவை வம்பிழுத்திருந்தான். செலிபா அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ பெம்பாதானே?"

"வாயத் தொறந்தா பெம்பாதான், அக்கா."

"எங்கப்பாவத் திட்டணும். வருமா?"

போஸ்கோ பெட்டி இருந்த அறையை எட்டிப் பார்த்தான். பெட்டி மேல் ஒரு கொடியா, இரண்டு கொடியா என்று கேட்டான். ஒன்றுதான் என்றாள். ஒன்றென்றால் சமாளிக்கலாம் என்றான். என்ன திட்டினாலும் சரி, லாரியை விட்டுவிடாதே என்று செலிபா சொல்லி அனுப்பினாள்.

கால்மணி நேரம் கழித்து மந்திரி ஷாவா தம் படுக்கையறையிலிருந்து வெளியே வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கம்பளித் தொப்பி, கைத்தடி. தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு அடியும் வைத்தார். பெண்கள் பாயில் உட்கார்ந்தபடியே அலறினார்கள். அலறல் பாதியில் சிரிப்பாகிவிட்டது. போஸ்கோ ஷாவாவை உயிரோடு பார்த்தது ரொட்டி கொடுத்த நேரங்களில் மட்டும்தான். அது போதுமாயிருந்தது.

அவன் மாமரத்தடிக்குப் போய் நின்றான். எலி தின்னிகளே என்று சபையை விளித்தான். பதினோரு வருடம் உங்களுக்காக உழைத்தேன், மூன்று நாளாக எனக்காக உழைத்து மூன்று மாட்டைத் தின்றுவிட்டீர்கள் என்றான். என் மகன் வெட்சன் என் பிணத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கிறான், நான் உயிரோடு இருந்தபோது காட்டியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது என்றான். திருடர் கட்சி கை தட்டியது. உத்தமர் கட்சி ரசித்து, பிறகு நினைவு வந்து நிறுத்திக்கொண்டது. ஒதுங்கி நின்ற நான்கு பெம்பாக்காரர்களும் நெருங்கி வந்தார்கள். அவர்கள் முகத்தில் லேசான வெட்கம் தெரிந்தது.

பிறகு போஸ்கோ கைத்தடியைத் தரையில் தட்டினான்.

"லாரி, லாரின்னு நாப்பது வருசமா கத்துறீங்களே. நான்தான் எடுத்தேன்னு சொல்ற ஆம்பள எவனாவது எம் முன்னால வந்து நில்லுங்கடா."

திருடர் கட்சியில் யாரும் எழவில்லை. முறைக்காரனிடம் கேலியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அதில் கேலி செய்ய வரவில்லை. எழுந்தவர் மத்தேயோ. எண்பத்து நான்கு வயது, சங்கத்தின் பழைய செயலாளர். மூன்று நாளாக மரத்தின் எந்தப் பக்கமும் சேராமல் அடுப்புப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தார். கோட்டையும் தொப்பியையும் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் குழம்பிவிட்டதோ என்னவோ, மந்திரியைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்.

"யெரெமியா, போதும் நிறுத்து. நீ எங்க எடுத்த? ஓட்டினது நான்ல."

போஸ்கோ ஒரு கணம் திகைத்தான். ஆனாலும் கோட்டுக்குள் இருப்பது மந்திரி அல்லவா.

"ஓட்டினே சரி. எங்க வெச்ச?"

"ஆத்துல."

மத்தேயோ உட்கார்ந்துகொண்டு மெல்லச் சொன்னார். மழைக்காலம். மந்திரியின் மாமியாருக்குத் தலைநகர் லுசாக்காவிலிருந்து ஓர் இரும்புக் கட்டில் வர வேண்டியிருந்தது. சங்கத்து லாரியில் ஒரு நடை போய்விட்டு வா, யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார் மந்திரி. போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது பாலத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. மத்தேயோ கொஞ்சம் கள்ளும் ஏற்றியிருந்தார். அவர் மட்டும் நீந்திக் கரை சேர்ந்தார். விசாரணை வந்தால் மத்தேயோவுக்கு ஜெயில், மந்திரிக்கு மானக்கேடு. இருவரும் ஓர் இரவு முழுக்க யோசித்தார்கள். காலையில் மந்திரி அறிக்கையில் எழுதினார்: லாரி பழுதுபார்ப்பில் உள்ளது.

"ஒம்போது வருசம் எழுதினான். வருசா வருசம் நான் கையெழுத்துப் போட்டேன். நாலாவது வருசம் மேலேருந்து இரக்கப்பட்டு ஆறு டயர் அனுப்பிட்டாங்க. ஆத்துக்குள்ள இருக்கறதுக்கு டயர் எதுக்கு? நாலு ஆஸ்பத்திரி வண்டிக்குப் போச்சு. ரெண்டுல நான் செருப்புத் தைச்சுக்கிட்டேன்."

"மாமியா?" என்றான் போஸ்கோ. குரல் அவனுடையதாகிவிட்டிருந்தது.

"லாரிய ஊரு கேட்டுச்சு. கட்டில அவ கேட்டா. அவளுக்குத்தான் அவன் பயந்தான்."

செலிபா வாசற்படியில் நின்றிருந்தாள். பத்து வயதில் ஒரு நாள் அழுதுகொண்டே வந்து, நீ லாரியைத் திருடினாயா என்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது. அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிராமல், பழுது பார்க்கிறார்கள் அம்மா என்றார். தன்னிடம் மட்டும் சொன்ன பொய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அரசாங்கத்துக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

வெட்சன் பாய்ந்து வந்து போஸ்கோவின் கோட்டுக் காலரைப் பிடித்தான். முறைக்காரனைத் தொடக் கூடாது என்று நான்கு பேர் கத்தினார்கள்.

"இவன் முறைக்காரனான்னே எனக்குச் சந்தேகம். டேய், உங்கப்பன் பேரென்ன?"

"லைட்சன் ஜெரே."

ஜெரே என்பது அங்கோனிக் குலப்பெயர். போஸ்கோ விளக்கினான். அம்மா பெம்பா. அவர்கள் வழக்கப்படி பிள்ளை அம்மாவின் கூட்டம், அதனால் தாய்மாமன் பெயர். அப்பா அவன் பிறக்குமுன்பே சுரங்கத்தில் செத்துப்போய்விட்டார். அங்கோனி வழக்கத்தில் பிள்ளை அப்பாவின் கூட்டம் என்பது அவனுக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

"பாத்தீங்களா? இவன் நம்ம ஆளு. நம்ம ஆளு பேசினா அது கேலி இல்ல. செத்தவர அவமானப்படுத்தினதுக்கு அபராதம் போடுங்க."

வெட்சன் வெற்றியோடு சுற்றிப் பார்த்தான். யாரும் ஆமாம் போடவில்லை. முதலில் விழித்துக்கொண்டவர் திருடர் கட்சியின் மூத்தவர். போஸ்கோ பேசியது கேலி இல்லையென்றால் மத்தேயோ பதில் சொன்னதும் கேலி இல்லை. அப்படியானால் அது சாட்சி. ஷாவா லாரியைத் திருடவில்லை என்றாகிவிடும். நாற்பது வருட வாதம் ஒரு கட்டிலில் போய் முடியும். பையன் அசல் பெம்பாதான், மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது என்றார் அவர்.

உத்தமர் கட்சிக்கும் கணக்குப் புரிந்தது. சாட்சி என்றால் உத்தமர் ஒன்பது வருடம் அரசாங்கத்துக்குப் பொய் எழுதியவர் ஆகிவிடுவார். பையன் பெம்பாதான் என்று அவர்களும் எழுந்து நின்று சொன்னார்கள். ஷாவா விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே பேச்சுப் பேசியது அதுவே முதல் தடவை. வெட்சனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் போஸ்கோவின் காலரை நீவிவிட்டான்.

"நல்லாத் திட்டினே, மச்சான். எல்லாம் கேலிதான்."

முறை தெரிந்த மூன்று பெரியவர்கள் கூடிப் பேசி, வீட்டார் என்ன சொல்கிறார்களோ அதுதான் என்றார்கள். மகன் சொல்லிவிட்டான், மகள் சொல்ல வேண்டும். செலிபா மத்தேயோவிடம் போய்க் குந்தினாள்.

"பெரியப்பா, கேலின்னு விட்டுடட்டுமா? உங்க இஷ்டம்."

மத்தேயோ தன் காலைப் பார்த்தார்.

"கேலி பண்ணிப் பண்ணித்தான் நாப்பது வருசம் ஓட்டியாச்சு. எனக்கும் முதுகு வலிக்குது."

அவள் எழுந்து கொல்லைப்புறம் போனாள். பாக்சன் தூரிகையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். என்ன எழுதட்டும் அக்கா, உத்தமரா இல்லையா என்றான்.

"பேரும் தேதியும் போதும். மீதிய யார் கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்."

இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கும் நேரம். முன்பக்கம் பிள்ளைகள் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வெட்சன் நின்றான். மறு பக்கம் காலியாக இருந்தது. செலிபா சபைக்குக் கேட்கும்படி, அவனை அப்பன் பெயரோடு கூப்பிட்டாள்.

"போஸ்கோ ஜெரே, இங்க வந்து பிடி."

மாமரத்தின் இரண்டு பக்கமும் முணுமுணுத்தன. போஸ்கோ கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்தான். ஆனால் பெட்டியைத் தொடாமல் நின்றான்.

"அக்கா, புள்ளைங்க பக்கம் வந்துட்டா முறைக்காரனுக்கு வெச்ச தலைக்கறி எனக்குக் கிடையாதே?"

"கிடையாது."

"அழவும் வேற செய்யணுமா?"

"வந்தா அழு."

அவன் அடுப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து தூக்கினான். அவன் நெட்டை, வெட்சன் குட்டை. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது. வாசலைத் தாண்டியதும் மத்தேயோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார், இடது பக்கம் பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று.

"பெரியப்பா, நீங்க மட்டும் வழி சொல்லாதீங்க" என்றான் வெட்சன்.

கூட்டத்தில் முதலில் சிரித்தது செலிபா. அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. சிரிப்பு பாதியில் அழுகையானது. மூன்று நாளில் அவள் அழுதது அப்போதுதான்.